உப்புக் கூண்டு

ஆறு வருஷம் காத்திருந்தேன்.
அதற்குள் ஆஸ்பத்திரிச் சலவையறையில்
மூன்று இயந்திரங்களை மாற்றிவிட்டார்கள்,
என் முழங்கால் ஒன்றையும்.

புத்தகம் வந்த வியாழக்கிழமை
ஒஸ்த்ரவாவில் பனியும் மழையும் சேர்ந்து விழுந்தன.
கடைவாசலில் பதினொரு பேர்.
எனக்கு முன்னால் நின்ற பையன்
முதுகில் அட்டைச் சிறகு கட்டியிருந்தான்.
ஈரத்தில் இடது சிறகு மடங்கித் தொங்கியது.
நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.
முதல் பாகத்தில் நெஹாத்துக்கும்
இடதுதான் முறிந்தது.

நெஹாத்தைத் தெரியாதவர்களுக்கு:
நரகத்தில் கணக்கெடுக்க அனுப்பப்பட்ட தேவதூதன்.
வாள் கிடையாது. ஒரு நோட்டு, ஒரு பென்சில்.
இறங்க இறங்க இறகு உதிரும்.
உதிர்ந்ததையும் எண்ணி எழுதிக்கொள்வான்.
ஏழாம் தளத்தில் ஒரு சமையல்காரி
கரண்டியில் சூப் நீட்டுவாள்.
சூடாக இருக்கிறதே என்பான்.
இங்கே வேறெப்படி இருக்கும் என்பாள்.
டிராமில் சத்தமாகச் சிரித்து
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன்.

அப்பா சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம்.
கீழே எப்படி இருக்கும் என்று
ஒருநாளும் வாய் திறந்ததில்லை.
அந்தப் புத்தகம் திறந்தது.
இங்கே எமா என்கிற கரிமேடு இன்னும்
வயிற்றுக்குள் எரிந்துகொண்டுதான் இருக்கிறது;
ஊரெல்லாம் பனி மூடினாலும்
அதன் தலையில் தங்காது.
எங்களுக்கு நரகம்
பஸ் நம்பர் தெரிந்த இடம்.

சரி, இரண்டாம் பாகம்.

அட்டையைப் புரட்டியதும் வரைபடம்.
நரகத்துக்கு வரைபடம்!
ஆற்றுக்கு நீல மை, எல்லைக்குப் புள்ளிக்கோடு.
நாற்பதாம் பக்கத்தில் சிறகு முளைத்துவிட்டது,
பழையதைவிடப் பெரிதாக.
நோட்டைக் காணோம். கையில் வாள்.
வாளுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு வரலாறு,
வரலாற்றுக்கு எட்டுப் பக்கம்.
சாத்தான் ஜோக் அடிக்கிறான்.
தேவதூதர்கள் கூட்டம் போடுகிறார்கள்,
அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம்.
சமையல்காரி ஒரே வாக்கியத்தில் செத்துப்போகிறாள்.
ஏற்கெனவே செத்தவள்.
அதெப்படி என்று யாரும் கேட்கவில்லை,
நெஹாத்கூட.

அறுநூற்றுச் சொச்சம் பக்கம்,
உப்புமில்லை உறைப்புமில்லை.
கடைசி வரியில் ஒரு கதவு திறக்கிறது,
மூன்றாம் பாகத்துக்கு.

ஓத்திலியாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.
இரவு ஷிப்டில் என் ஜோடி.
புத்தகம் படிக்கிற பழக்கமில்லை.
முதல் பாகம் முழுவதையும்
ஈர விரிப்பின் இரண்டு முனையில் நின்றபடி
அவளுக்குச் சொல்லி முடித்தேன்.
மடிக்க நெருங்கும்போது தணிந்த குரல்,
உதற விலகும்போது உரத்த குரல்.
ஒரு நவம்பரில் கதை தீர்ந்தது.
அப்புறம்? என்றாள்.
விரிப்புகள் தீரவில்லை.
சொல்லிக்கொண்டே போனேன்.

இந்த ஜனவரியில் அவளும் வாங்கியிருக்கிறாள்,
பள்ளிக்கூடம் விட்ட பிறகு
சொந்தக் காசில் முதல் புத்தகம்.
நேற்று அதோடு வந்து நின்றாள்.
"யித்கா, உப்புக் கூண்டு எங்கே?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"அதான், மேலே போகிற லிஃப்ட்.
முழுக்க உப்பால் செய்தது.
அழுதால் கரைந்துவிடும் என்று
சமையல்காரி கண்ணை மூடிக்கொண்டு
சந்தை விலை சொல்லிக்கொண்டே ஏறுவாளே,
உருளைக்கிழங்கு இவ்வளவு, முட்டைக்கோஸ் இவ்வளவு என்று.
பிப்ரவரியில் சொன்னாய், மணி அடித்துவிட்டது.
ரெண்டு தடவை தேடிவிட்டேன்.
உன் பிரதியில் எத்தனையாம் பக்கம்?"

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்,
தேடுகிற மாதிரி.
அவள் விரல் ஈரத்தில்
ஓரங்கள் உப்பியிருந்தன.

பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கும் என்றேன்.

முட்டாள்கள், என்றாள் அச்சகத்தாரை.
புத்தகத்தைச் சோப்புத்தூள் பெட்டிமேல் வைத்துவிட்டு
விரிப்பின் ஒரு முனையை என்னிடம் வீசினாள்.
"எதுவரை வந்தாள்?"

முட்டைக்கோஸ் முடிந்தது, என்றேன்.
வெங்காயம்.