ஐந்தாம் நாள் தட்டு

மூன்றாவது தடவையாக வருகிறது உங்கள் சீழ்,
ஸிஹாரா, முப்பத்திநாலு வயது, மாளிகாவத்தை.
வாய் மூடிய சிரிஞ்சைப் பொலித்தீனில் சுற்றி
ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக்
கணவர் கொண்டுவந்தார்.
"த்ரீவீல்ல மடியிலேயே வச்சிருந்தேன் மிஸ்,
சோத்துப் பார்சல் மாதிரி."

முதல் தடவை: வளர்ச்சி எதுவுமில்லை.
இரண்டாம் தடவை: தோலில் வாழும் கிருமி, கலப்படம்.
இரண்டிலும் என் கையெழுத்து.

இடையில்
காசநோயாக இருக்கும் என்று ஆறு மாதம் மாத்திரை.
புற்றோ என்று ஊசி குத்திப் பார்த்து, இல்லை என்றார்கள்.
ஸ்டீரொயிட்டில் முகம் ஊதியது.
மகன் பால் மறந்து மூன்று வருடம்;
மார்புதான் மறக்கவில்லை,
ஆறுவதும் உடைவதுமாக.

இந்தத் தடவையும் என்னிடம் கெட்டித்தனம் ஏதுமில்லை.
புதன் பின்னேரம் விதைத்தேன்.
வெள்ளி, சனி வெசாக்.
நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் வீச வேண்டிய தட்டை
வீச ஆளிருக்கவில்லை.
ஊர் முழுக்கக் கூடு பார்க்கப் போயிருக்க
இன்கியூபேட்டர் மாத்திரம்
முப்பத்தேழு பாகையில் விழித்திருந்தது.

திங்கள் காலை
யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.
ஊசிமுனையளவு, சாம்பல் வெள்ளையில்,
மூச்சுப் பட்டால் அழிந்துவிடும் போல
பதினேழு புள்ளிகள்.

கொழுப்பில்லாமல் தலையெடுக்காத சாதி.
இவ்வளவு நாளும் நான்தான் பட்டினி போட்டிருக்கிறேன்.
எண்ணெய்ப்பசை ஒரு சொட்டுச் சேர்த்து
மறுபடி விதைத்தேன்.
ஒரே நாளில் கொழுகொழுவென்று!

மேல்மாடியில் டொக்டர் ஹேமமாலி
உங்கள் தசைத்துண்டைக் காட்டினார்.
சுற்றிவர அழற்சிக் கலங்கள், நெரிசலாக.
நடுவே கொழுப்புக் கரைந்துபோன வெற்று வட்டம்.
அதற்குள் ஊதாக் குச்சிகள் மூன்று,
கலவரம் நடக்கும் தெருவில்
கதவைச் சாத்திக்கொண்டிருப்பவர்கள் போல.

"இவங்கதானா?"
"இருக்கலாம்" என்றார்.
அவருடைய தமிழில் பிழையே வராத ஒரு சொல் அது.

இருக்கலாம்.
இருபது வயதில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில்
விடியமுன் கதவைத் தட்டிக்
கேட்டார்கள்: இங்கே ஏன் இருக்கிறாய்?
படிக்க, என்றேன்.
குண்டு வெடித்த சந்திக்கு
இரண்டு தெரு தள்ளி என் கட்டில்.
ஸ்டேசன் வாங்கில் பொழுதுபடும் வரைக்கும்
அதைத்தான் திருப்பித் திருப்பி எழுதினார்கள்:
அங்கே இருந்தாள்.

அதனால், ஸிஹாரா,
காரணம் என்று நான் எழுதவில்லை.
பால்குழாய் கசிந்து, உடம்பு தன்னையே கடித்து,
வெந்துபோன இடத்தில் பிறகு குடிவந்தவையோ,
முதலில் நுழைந்து தீ வைத்தவையோ,
என் தட்டுக்குத் தெரியாது.

ஆனால் பழைய கொப்பியை எடுத்துக்
கலப்படம் என்ற சொல்லை
இரண்டு கோடு போட்டு வெட்டினேன்.
புதிய அறிக்கையில் கிருமியின் முழுப்பெயர்,
எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது,
கொழுப்புக்குள் இறங்கக்கூடிய மருந்தாக யோசிக்கவும்
என்று அடியில் ஒரு வரி.
அந்த வரி என் வேலையில்லை. எழுதினேன்.

கணவர் அறிக்கையை மடிக்காமல் வாங்கினார்.
"கென்சர் இல்லதானே?"
இல்லை.
"அப்ப என்னது, மிஸ்?"

அவருக்குப் பின்னால் நாற்பத்தோராம் நம்பர்
சிறுநீர்ப் போத்தலோடு பொறுமையிழந்து நின்றது.
ஐஸ்கிரீம் டப்பாவை
மருந்து போட்டுக் கழுவி வைத்திருந்தேன்.
எடுத்துக் கொடுத்தேன்.