நாலாம் பாத்தி

தூத்துக்குடிக்காரன் என்றதும்
உப்பு எனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள்.
நான் படித்தது ஏசி ரிப்பேர்.

ராஸ் அல் கைமாவில், கழிக்கும் சிமென்ட் ஆலைக்கும் நடுவே
கயிறு கட்டிப் பிரித்த நான்கு பாத்திகள்.
பந்தாட்டத் திடலுக்குப் போகுமுன்
புல் இங்கேதான் பரீட்சை எழுதுகிறது.
ஒன்றுக்கு நல்ல தண்ணீர்.
இரண்டுக்குக் கிணற்றின் கசப்பு.
மூன்றுக்குக் கழித்தண்ணீர், பாதிக்குப் பாதி.
நாலுக்குக் கடல், அப்படியே.

விடியுமுன் மதிப்பெண் போடுவேன்,
ஒன்று முதல் ஒன்பது வரை.
ஆறுக்குக் கீழே இறங்கினால் புல் விற்காது.
மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும்:
தடம் எழுந்துகொண்டால் நலம்,
படுத்தே கிடந்தால் தாகம்.
பழுப்பெல்லாம் பிற்பாடு.
முதலில் பச்சைக்குள் ஈயம் போல ஒரு நீலம்,
பிறகு இலை தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும்,
பீடி மாதிரி.

இமெல்டா லென்ஸைக் கொடுத்தாள்.
"இது உப்பைத் துப்புவதில்லை, பார்."
இலையின் முகட்டில் பொடிப்பொடியாய்க் குமிழ்கள்.
உப்பை அதில் அடைத்துவிட்டு
மிச்ச இலையால் பிழைக்கிறது.
சொத்தைப் பல் பக்கம் விட்டு
மறுபக்கம் மெல்வதுபோல.

ஆகஸ்டில் கத்தியை உயர்த்தினோம்.
பத்து மில்லிமீட்டர் பதினாறானது.
யூரியாவைக் குறைத்தோம், பொட்டாஷ் கூட்டினோம்.
மெஹ்பூப் ஜிப்சம் மூட்டைகளை இறக்கிவிட்டு
புருவம் வெளுத்து, மாவு மில்லிலிருந்து வந்தவன்போல் நின்றான்.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் ஆள் நிற்கக் கூடாது, சட்டம்.
புல்லுக்கு அப்படிச் சட்டம் இல்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
திட்டுவதற்குச் சொல்கிற அந்த வாக்கியம்
இங்கே வேலை அட்டவணை.
செவ்வாய் இரவெல்லாம் குழாயைத் திறந்துவிடுவோம்,
வேரடியில் படிந்ததைக் கீழே தள்ள.
மூன்றிலும் நாலிலும்
உப்பைக் கழுவுவதும் உப்புத்தண்ணீரே.
இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை,
கணக்கு மட்டும் சரியாக வருகிறது.

ஒரு வியாழன் மோட்டார் புகைந்தது.
சனிக்கிழமை வரை ஆள் வரவில்லை.
ஒன்றாம் பாத்தி, எங்கள் செல்லம்,
முதலில் சுருண்டது.
தோண்டினால் வேர் ஒரு விரல் நீளம்.
மூன்றாம் பாத்தியில் என் சாணைத் தாண்டி இறங்கியிருந்தது.

கம்பெனியில் கொண்டாட்டம்.
கோட்டு போட்ட ஒருவர் குளிர்ந்த காரிலிருந்து இறங்கி
மூன்றாம் பாத்தி முன் படம் எடுத்துக்கொண்டார்.
"கஷ்டம்தான் வேரை வளர்க்கும்" என்றார்.
பிறகு எங்களைப் பார்த்து,
"நீங்களும் இந்தப் புல்தான்."
மெஹ்பூபுக்கு நான் இந்தியில் சொன்னேன்.
அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எங்காவது குமிழ் இருக்கிறதா என்று.

நாலாம் பாத்தி நாலடி தள்ளித்தான்.
யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
அங்கேயும் கஷ்டம் இருந்தது, கூடுதலாகவே.
வேர் இருந்தது, தேயிலைத்தூள் நிறத்தில்,
தொட்டால் உதிர்ந்தது.
மதிப்பெண் இரண்டு.
தாங்கும் என்று எழுதிய வாயால்
எதுவரை என்றும் எழுத வேண்டும் அல்லவா?
அறிக்கையில் அந்தப் பக்கம் வரவில்லை.

மறுநாள் விடியலில் பார்த்தேன்:
நாலிலிருந்து ஒரே ஒரு கொடித்தண்டு,
நுனியில் மட்டும் பச்சை,
கயிற்றுக்கு அடியில் நுழைந்து
மூன்றுக்குள் ஒரு கணு ஊன்றியிருந்தது.

பாத்தி பாத்தியோடு கலக்கக் கூடாது, விதி.
மண்வெட்டியை எடுத்துவந்தேன்.
கொஞ்ச நேரம் அதை ஊன்றிக்கொண்டு நின்றேன்.
வெட்டினேன்.

கணு விட்ட இடத்தை மட்டும் பிடுங்கவில்லை.
'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்:
எல்லை தாண்டியது,
நான்கு விரல்.