ஒலி அமைப்பு: மரகதம் சவுண்ட் சர்வீஸ்

புதுவயல், அரிசி ஆலைச் சங்க மண்டபம்.
மேசையில் விரித்த வெள்ளைத் துணியில்
பொழுது சாய்வதற்குள் உமிக்கரி ஒரு படலம்.
பேனரில் பட்டிமன்றத் தலைப்பு:
திருநர் ராணுவத்தில் சேரலாமா, கூடாதா?
அடியில் பொடியெழுத்தில் என் கடைப்பெயர்.

தலைப்பை முன்பே சொல்லியிருந்தால்
ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டிருப்பேன்.

கூடாது அணிக்கு வயிரவன் சார்.
பகரம் வரும்போதெல்லாம் மைக் வெடிக்கும் அவருக்கு.
படை, பண்பாடு, பாதுகாப்பு, பாத்ரூம்.
பேஸைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன்.
பாத்ரூம் தனியாக யார் கட்டுவது என்றார்,
கூட்டம் குலுங்கிச் சிரித்தது.
பதினேழாயிரம் அடியில் எங்கள் போஸ்டில் இருந்தது
ஒரு மண்ணெண்ணெய்த் தகரம்.
ஒன்பது பேர்.
காற்று எந்தப் பக்கம் என்று மட்டும்தான் பார்ப்போம்.

பதினோரு வருஷம் சிக்னல்ஸில் இருந்தேன்.
வேறு பெயர், அதே காது.
குளிரில் செத்துப்போகும் ரேடியோ பேட்டரியை
அக்குளில் வைத்து உயிர்ப்பித்திருக்கிறேன்.
இது யாருடைய உடம்பு என்று
அது கேட்டதில்லை.

சேரலாம் அணிக்கு வக்கீல் உமையாள்.
நல்ல குரல், ஒன்றையும் திருக வேண்டியதில்லை.
சட்டம் சொன்னார், தீர்ப்பு சொன்னார்,
நான்கூட இரண்டு இடத்தில் தலையாட்டினேன்.
கடைசியில், மணி அடித்த பிறகு, கையை உயர்த்தி,
"குடும்பம் கிடையாது, குழந்தை கிடையாது,
செத்தால் அழ ஆள் கிடையாது,
எல்லைக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?"

மண்டபமே கைதட்டியது.
என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
தங்கச்சி. மூன்றாவது தடவை.
ராத்திரி சாப்பிட வருவேனா,
இல்லை மாவை உள்ளே எடுத்துவைக்கட்டுமா.

அந்த இடத்தில்தான் மைக் கீச்சென்று அலறியது.
காதைப் பொத்திக்கொண்டு
எல்லோரும் திரும்பி
முதல்முறையாக என்னைப் பார்த்தார்கள்.
மெதுவாகத்தான் குறைத்தேன்.

நடுவர் இரண்டு பக்கமும் பாராட்டிவிட்டுக்
காலம் பதில் சொல்லும் என்று முடித்தார்.
ரேடியோவில் ஓவர் என்றால்
உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்,
அவுட் என்றால் பேச்சு முடிந்தது.
எனக்கு வந்த கடிதம் அவுட்.
இவர் சொன்னது எதுவென்று தெரியவில்லை.

நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள்.
ஒயரை முழங்கையில் சுற்றாமல்
ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே,
நாளைக்கு அவிழ்க்கும்போது சிக்காதபடி சுருட்டினேன்.
அங்கே கற்றது, கையை விட்டுப் போகவில்லை.

செயலாளர் சோலையப்பன் பணத்தை எண்ணினார்.
"நடுவில ஒரு சத்தம் வந்துச்சே."
வந்தது என்றேன்.
முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.

மலிவுதான்.