படம் 1

உப்புநீரில் இருநூற்றுப் பன்னிரண்டு இரும்புத் துண்டுகள்.
துண்டுக்கொரு கோப்பு, கோப்புக்கொரு வளைகோடு.
முந்தாநாள் வரை
திற, பார், அச்சிடு, மூடு என்று
என் ஆட்காட்டி விரல்தான் தேய்ந்தது.

நேற்று மாலை ஒன்பது வரி எழுதினேன்:
கோப்பு உள்ளவரை வரை,
அச்சுக்கு அனுப்பு, அடுத்ததற்குப் போ.
ஓடவிட்டு, விளக்கை அணைத்து,
செக்காலை ரோட்டில்
இரண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றேன்.

காலையில் கதவைத் தள்ளினால்
தாள் தடுக்குகிறது.
தட்டு நிரம்பித் தரையில் வழிந்து
அமில அலமாரி வரை சறுக்கியிருக்கிறது.
மின்விசிறியை நிறுத்தவில்லை நான்.
ஒன்பது வரியில் அது இல்லை.

காவலர் அடைக்கலம்
ராத்திரி முழுக்க ‘கிர்ர் கிர்ர்’ என்றதாம் என்கிறார்,
பேயென்று நினைத்தாராம்.

தாள்களைப் பொறுக்கும்போதுதான் பார்த்தேன்.
எல்லாவற்றிலும் ஒரே தலைப்பு:
படம் 1.
படம் 1.
எண்ணைக் கூட்டும் வரியை விட்டுவிட்டேன்.

அதில் ஒரு தாளில் மட்டும்
கோடு சட்டென்று மேலே எகிறியிருக்கிறது.
இரும்பில் விழுந்த முதல் ஓட்டையா,
கம்பி தளர்ந்த பொய்யா?
எந்தத் துண்டு இது?

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
திற. பார். மூடு.
திற.