தொண்ணூற்றாறாவது குழி

உம்மன்னாக்கில் ஏப்ரல். கடல் இன்னும் தரைதான்.
சங்கிலி எட்டும் தூரத்துக்குள் வட்டமாய்ச் சுருண்டிருக்கின்றன
நாய்கள், தத்தம் மஞ்சள் பனியில்.
கட்டில்லாமல் திரிவது குட்டிகள் மட்டும்.
சில மாதங்களுக்குச் சட்டம் அவற்றைப் பார்ப்பதில்லை.

பிபாலுக் முழங்காலிட்டு
முன்னங்கால் மயிரை வழித்து
நரம்பைத் தேடுகிறாள்.
ஊசி இறங்கும்போது நாய் அவளைப் பார்க்கவில்லை,
கார்ல்செராக்கின் பையைப் பார்க்கிறது.
பையில் ஹாலிபட் மீன்தலைகள்.

"வயது?"
"ஒன்பது குளிர்காலம். பத்தாகவும் இருக்கலாம்.
இவள் பிறந்த வருஷம் கடல் சரியாக உறையவில்லை.
அதைக் கணக்கில் சேர்ப்பதா?"
படிவத்தில் 9 எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பெயர் கயொக். செம்பட்டை என்று பொருள்.
இப்போது மூக்கைச் சுற்றி உப்பு.

அன்று மாலை அவர் சமையலறையில்
ஒரு குழாய் கைநழுவி உடைந்தது.
தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டு;
தொண்ணூற்றைந்து நாய்கள்.
வெறும் குழிக்கும் அதே காசு.
பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து
தன் முழங்கை மடிப்பில் தானே குத்திக்கொண்டாள்.
அவர் மீன் அறுத்துக்கொண்டிருந்தார்.
கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு நடந்தது.
ஒட்டில் எழுதினாள்: உ-96. பெண். இனம் தெரியாது.

நூக் ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில்
நாய், சீல், பனிக்கரடி, எல்லாம் ஒரே அடுக்கில்.
வெளியே என்றால் ஒன்றையொன்று தின்றிருக்கும்.
மூலையில் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு வௌவால்.
கட்டைவிரல் கனம்தான், நாற்பது வருஷம் பறக்கிறது.
கன்றுக்குட்டி உயர நாய் எட்டிலேயே மூச்சு வாங்குகிறது.
ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கட்டுரை.

மரபின் எழுத்துகள் பிறந்த அன்று இருந்தபடியேதான்.
அவற்றின்மேல் புள்ளி விழுகிறது.
இதை டேனிஷில் விளக்க அவளுக்கு அரைமணி வேண்டும்.
எனக்குத் தமிழ் இருக்கிறது:
ககரத்தின் தலையில் புள்ளி வை,
உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்.

எங்கே புள்ளி கூடியது, எங்கே உதிர்ந்தது,
எண்ணினால் வயது.
ஒரு வயது நாய் நம் முப்பதைத் தொட்டுவிடுகிறதாம்.
அப்புறம் அதன் கடிகாரம் நடை தளர்கிறது,
அவசரம் தீர்ந்த விருந்தாளி போல.

ஜூனில் பட்டியல் வந்தது.
இந்தக் கணக்கு இனம் கேட்பதில்லை;
பாலூட்டியா, போதும்.
அந்த இனத்தின் நெடிய ஆயுளில் எத்தனை பங்கு கழிந்தது
என்று மட்டும் சொல்லும்.
கயொக்: 0.38. ஒன்பது சரி. கேள்விக்குறியை அடிக்கலாம்.
உ-96: 0.38.

நூற்றிருபத்திரண்டால் பெருக்கினாள். நாற்பத்தாறு.
பிறப்புச் சான்றிதழில் நாற்பத்தொன்று.
பிழை வரம்பு நான்கு வருஷம் என்றது கையேடு.
நான்கையும் அள்ளிக்கொண்டாள்.
ஒன்று மிஞ்சியது.
அது எங்கே செலவானது என்று அவளுக்குத் தெரியும்.
அடுத்த அறையில் ஒருவன் விடியவிடிய நடந்துகொண்டிருந்த குளிர்காலம்.
இரத்தத்துக்கும் தெரிந்திருந்ததுதான்
அவளை உட்கார வைத்தது.

தொலைபேசியில் கார்ல்செராக்:
"ஒன்பதா? நானே சொன்னேனே."
"ஆமாம்."
"இன்னொரு குளிர்காலம் இழுப்பாளா?"
"இரத்தம் அதைச் சொல்லாது."
"பின்னங்கால் சொல்கிறது. அவிழ்த்துவிட்டேன்.
குட்டிகளோடு திரிகிறாள்.
சட்டம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை."

அவர் சொல்லாததும் அவளுக்குக் கேட்டது.
வேலை முடிந்த நாய்க்கு அங்கே வழக்கமாக
ஒரு தோட்டாதான் செலவு.

பின்னால் ஊரே ஊளையிட்டு ஓய்ந்தது.

"அந்தக் கடைசி நாய்க்கு என்ன வந்தது?
என் மேசையில் உட்கார்ந்து
தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டதே, அது?"

"ஒட்டு உரிந்துவிட்டது," என்றாள். "படிக்க முடியவில்லை."

"சரி," என்றார். "அதற்கும் மீன் போடு."