ஒன்பதாவது கால்

செட்டியார் தெரு. மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
இருபத்தெட்டுக் கிலோ இரும்புப் பெட்டியை
நானும் இர்ஃபாத்தும்
திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்து
ஒருவாறு மேலே கொண்டுவந்தோம்.
கீழே கடை சாத்தியாயிற்று.
காவலுக்கு விமலசேன, ரேடியோவில் கிரிக்கெட்டோடு.

மூடியைக் கழற்றினால்
புதுத் தகர வாசம்,
நிறைய வெறுமை,
சவரக்கத்தி மாதிரி விளிம்புகள்.
முதல் இரத்தம் எப்போதும் என்னுடையதுதான்.
பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு
கையேட்டைப் பிரித்தேன்:
'வேலை தொடங்குமுன்
மோதிரம், காப்பு, மணிக்கூடு யாவற்றையும் அகற்றவும்.'

அகற்றியாயிற்று ஐயா, சித்திரையிலேயே.
இரண்டு காப்பு, மூன்றே கால் பவுண்.
நான் முழந்தாளில் நிற்கும் இந்த நிலத்துக்கு
இரண்டு மாடி கீழே, பெட்டகத்தில்,
ஒரு பழுப்புக் கடிதவுறைக்குள் கிடக்கின்றன.
துண்டு இலக்கம் மனப்பாடம்.
நெட்வேர்க் பரீட்சைக்குக் காசு
டொலரில் கேட்டார்கள்.

இப்போது இடது மணிக்கட்டில்
சுருள் வயரோடு ஒரு நீலப் பட்டி.
மறுமுனை பெட்டியின் உடம்பைக் கவ்வியிருக்கிறது,
என் மேல் ஊறும் மின்னெல்லாம்
சத்தமில்லாமல் இரும்பில் இறங்கிப்போக.
இதுவும் காப்புத்தான்.
வட்டி இல்லாத காப்பு.

மதர்போட்டில் துளைகள் எட்டு.
எட்டுத் திருகாணி.
ப்ராசசரின் மூலையிலே கடுகளவு தங்க முக்கோணம்,
சொக்கட்டின் முக்கோணத்தைப் பார்த்து அமரவேண்டும்.
நெம்பியை அழுத்தும்போது வருகிற அந்த முறுகல்
எத்தனை தரம் கேட்டும் வயிற்றைக் கலக்கும்.
பசை, பயறளவு.
"கொஞ்சம் கூடப் போடுங்களேன்,
ரொட்டிக்கு மாஜரின் பூசுற மாதிரி" என்றான் இர்ஃபாத்.
இது ரொட்டியில்லை என்றேன்.
பிறகு இருவருக்கும் பசித்தது.

ரேம் நாலு. இரண்டு பெருவிரலாலும்.
டக். டக். டக்.
நாலாவது கொஞ்சம் அடம்பிடித்து, டக்.
காற்றாடி ஐந்தும் பின்பக்கம் பார்க்க,
வயர்களை வாரிக் கட்டி,
ஜன்னலால் துறைமுகத்து உப்புக்காற்று வர
அதை எழும்பிப்போய்ச் சாத்தி,
வந்து பொத்தானை அழுத்தினேன்.

மஞ்சளாய் ஒரு பொட்டு மினுங்கியது.
அணைந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி அவன் அழுத்தினான்.
அதற்கும் இல்லை.

போட்டதையெல்லாம் போட்ட ஒழுங்குக்கு எதிராய்க் கழற்றி
மதர்போட்டைத் தூக்கிப் பார்த்தால்
அடியில் நிற்கின்றன பித்தளைக் கால்கள்,
ஒன்பது.
வேறெந்தப் பலகைக்கோ தொழிற்சாலையில் நட்ட ஒன்று,
துளையில்லாத இடத்தில் நின்று
அடிவயிற்றைக் குத்திக்கொண்டிருக்கிறது.
துளைகளைத்தான் எண்ணியிருக்கிறேன்.
கால்களை எண்ணவில்லை.

ஒன்றேகாலுக்கு மறுபடி.
ஐந்து காற்றாடியும் ஒன்றாய் அலற
விமலசேன டோர்ச்சோடு படியேறி ஓடிவந்தார்.
"மொக்கத மே சத்தே, மிஸ்?"
பயப்படவேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னேன்.
சிரிப்பில் பாதிச் சொல் வரவில்லை.

நாளைக்குப் பேரேடுகளைக் கொண்டுவருவார்கள்.
பெயர், முகவரி, கிராம், வட்டி,
மீட்காத சங்கிலிகள், ஒற்றைத் தோடுகள்.
அதில் எனக்கும் ஒரு வரி இருக்கும்.
ஒவ்வொரு வரியையும் இந்தப் பெட்டி
இரண்டு டிஸ்க்கில் எழுதும்.
ஒன்று செத்தாலும் கடன் சாகாது.
அப்படித்தான் பூட்டியிருக்கிறேன்,
என் கையாலேயே.

பட்டியைக் கழற்றினேன்.
மணிக்கட்டில் சிவப்பாய் ஒரு வட்டம்,
காப்பு இருந்த அதே இடத்தில்.

ஒன்பதாவது கால் மிஞ்சிப்போனது.
பித்தளை. கீழே ஒருவரும் அடைவு பிடிக்கமாட்டார்கள்.
காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.
மூன்று மாடியும்
திறப்போடு உரசிக்கொண்டே இறங்கிவந்தது.