மூன்றாவது நிரல்

கொப்பித் தாளை நெடுக்காக மூன்றாய்ப் பிரித்திருக்கிறேன்.
முதல் நிரலில் அவ சொன்னது, நான் சொன்னது.
இரண்டாவதில் அதற்குரிய கோட்பாடு.
மூன்றாவதின் தலைப்பு: என் உணர்வு.

நாலு கிழமையாக அது வெறும் வெள்ளை.
"நீங்க அந்த வீட்டில இருந்தீங்களா இல்லையா?"
சிவப்பில் கேட்டிருக்கிறா மிஸ்.

இருந்தேன் மிஸ்.
செவ்வாய் காலை ஏழரைப் பாதையில்
குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு.
எங்கள் பக்கம் வாவி கடக்கும் இரும்புத் தட்டுக்குப்
பாதை என்றுதான் பேர்.
"பாதை இன்னும் வரல்ல" என்று நான் ஒருநாள் போனில் சொல்ல,
வெளியூர் விரிவுரையாளர் ஒருவர்
அதைத் தத்துவம் என்று நினைத்துக்
குறித்துக்கொண்டார்.

அவவின் பெயரை எழுதக் கூடாது.
அறிக்கையில் அவ திருமதி வி.
இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதல் நாள்
வீட்டிலிருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டா.
"இரிங்க புள்ள. நீங்க நாலாவது ஆள்.
போன வருசம் ஒரு பொடியன்,
அதுக்கு முதல் ரெண்டு பொம்புளப் புள்ளையள்.
எல்லாரும் பாஸாகிட்டாங்களாம்.
நான்தான் இன்னும் அதே வகுப்பில."
சிரித்தா. நானும் சிரித்தேன்.
நிரல் ஒன்று: சேவைநாடி நகைச்சுவையாக உரையாடினார்.

நான் வாய் திறக்குமுன் மறுமொழி வரும்.
"அடுத்தது வருமானம்தானே, எழுதுங்க.
கச்சான் வறுத்துக் கட்டி விக்கிற.
எங்கட கணக்கு கூட்டினா வராது,
கழிச்சாத்தான் வரும்."

மூன்றாவது செவ்வாய் சூழல் வரைபடம் கீறினோம்.
நடுவில் வீடு. சுற்றிவர வட்டங்கள்:
பள்ளிக்கூடம், கோயில், கிராம சேவையாளர்,
கல்லாற்றில் ஒரு தமக்கை.
நெருக்கமான உறவென்றால் தடித்த கோடு,
விட்டுப்போனதென்றால் புள்ளிக் கோடு.
தமக்கைக்குப் புள்ளி வைத்தோம்.
கிராம சேவையாளருக்கும் புள்ளி.
"அப்ப ஆர்தான் தவறாம வாறது?"
"லோன்காரத் தம்பி. ஒவ்வொரு கிழமையும்."
பேனையை அழுத்தித் தடிப்பாக இழுத்தேன்.
அந்தத் தாளில் வேறு தடித்த கோடு இல்லை.

நாலாவது செவ்வாய் அவன் வந்தான்.
ஹெல்மெட், தோளில் பை, கையில் டெப்.
கிதுர்ஷன். உயர்தரத்தில் என் வகுப்பு,
கடைசி வாங்கு.
கதிரை ஒன்றுதான்.
நான் எழும்பினேன்.
அவன் இருந்தான்.

"சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டிற்றா?" என்றான்.
எனக்குக் காய்ச்சலே தெரியாது.
என் குறிப்பில் அவள்
இரு பிள்ளைகளில் இளையவர், வயது ஏழு.

கசங்கிய தாள்கள், சில்லறை,
கச்சான் உமி ஒட்டிய ஒரு நூறு.
இருநூற்றைம்பது குறைந்தது.
பணம் கொடுத்து உதவக் கூடாது என்று
எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.
ஏனென்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி
எழுபத்தெட்டுப் புள்ளியும் எடுத்திருக்கிறேன்.
அவன் தன் சேட்டுப் பைக்குள் கையை விட்டான்,
போட்டான், முழுசாகப் பதிந்தான்.

திரும்பும்போது ஒரே பாதை.
அவன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்துகொண்டு,
நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு.
"இரக்கமா?" என்று கேட்டேன்.
"டார்கெட்" என்றான்.
"அடுத்த கிழமை சேத்து வாங்கிருவன்."
கொஞ்சத்தால்,
"இந்தப் படிப்பு முடிச்சா என்ன வேல?"
"வீடு வீடாப் போறதுதான்."
"நோட்டு எழுதுறதும்?"
"ஓம்."
அவன் வேறொன்றும் கேட்கவில்லை.
எஞ்சின் சத்தம் போதுமாக இருந்தது.

இரவு மூன்றாவது நிரலில்
ஒரு சொல் எழுதினேன்.
பொறாமை.
பென்சிலால்தான் மிஸ், அழிக்கலாம்.
அவனிலா, அவன் பையிலா,
அவனுக்குத் தெரிந்த அந்தக் காய்ச்சலிலா
என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று இருக்கிறது.
எந்த நிரலில் போடுவதென்று தெரியவில்லை.
அன்று படலையடியில் வைத்து அவ சொன்னது:
"வாற செவ்வாயும் வாங்க புள்ள.
பக்கத்து வீட்டில
இன்னொரு கதிரை கேட்டு வெக்கிறன்."